வருடத்துக்கு 20 மணி நேரம்தான் பறக்கிறேன்: கூட்டு விமானத்தின் இன்சூரன்ஸில் என் பங்கு எவ்வளவு?

#1 ஆஸ்டின் கண்ணன்

வணக்கம். டெக்சஸில் இருக்கிறேன். பிரைவேட் பைலட் லைசென்ஸ் வாங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. லாக்புக்கில் மொத்தம் 140 மணி நேரத்துக்குப் பக்கம் இருக்கும். வேலை, பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு, கோடை வெயில் எல்லாம் போக வருடத்துக்கு 20 மணி நேரம் பறந்தாலே பெரிய விஷயம். இதுவரை பயிற்சிப் பள்ளியின் செஸ்னா 172ஐ வாடகைக்கு எடுத்துத்தான் ஓட்டி வருகிறேன்.

இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. மூன்று பேர் கூட்டாக வைத்திருக்கும் 1970களின் 172 ஒன்று. ஒருவர் வேறு மாநிலத்துக்குக் குடிபோகிறார், அவருடைய பங்கை எனக்குத் தருவதாகப் பேச்சு. விமானத்தை மெக்கானிக்கிடம் காட்டியாகிவிட்டது, குறை ஒன்றும் இல்லை. இடிப்பது இன்சூரன்ஸ்தான். இப்போது வருட பிரீமியம் 1,500 டாலர். போகிறவர் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டால் 2,400 ஆகும் என்று புரோக்கர் எழுதியிருக்கிறார். விமானத்தின் மதிப்பு 90,000. லயபிலிட்டி, அதாவது பிறருக்கு வரும் சேதத்துக்கான காப்பு, 10 லட்சம், அதில் பயணி ஒருவருக்கு 1 லட்சம்.

மற்ற இருவரும் என்ன சொல்கிறார்கள் என்றால், “பழைய 1,500ஐ மூன்றாகப் பிரிப்போம். உன்னால் ஏறிய 900ஐ நீயே கட்டிவிடு.” அப்படிப் பார்த்தால் என் பங்கு 1,400. இருபது மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 70 டாலர், இன்சூரன்ஸுக்கு மட்டும்! சமமாகப் பிரித்தால் 800, மணிக்கு 40.

அவர்கள் இருவரும் என்னைப் போல் மூன்று மடங்கு பறப்பவர்கள். விமானம் என் கையில் இருக்கும் நேரமே குறைவு, என்னால் சேதம் வரும் வாய்ப்பும் குறைவுதானே? குறைவாகப் பறப்பவனுக்கு ஏன் கூடுதல் கட்டணம்? இதில் நியாயம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சிகாகோ சேகர்

நியாயமா? இன்சூரன்ஸிலா? தம்பி, காபி போட்டுக்கொண்டு வருகிறேன், விரிவாகப் பேசலாம்.

#3 விச்சிட்டா மீனா

கண்ணன், நான் விமான இன்சூரன்ஸ் புரோக்கர் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். உங்கள் புரோக்கர் நான் இல்லை, அதனால் உங்களுக்கு வந்த தொகையைப் பற்றிப் பொதுவாகத்தான் சொல்ல முடியும்.

“குறைவாகப் பறந்தால் ஆபத்து குறைவு” என்ற கணக்கு எங்கள் பக்கத்தில் எடுபடாது. இரண்டு காரணங்கள். ஒன்று, பிரீமியத்தின் பெரும்பகுதி ஹல் கவரேஜுக்குப் போகிறது, அதாவது விமானத்தின் உடலுக்கு. விமானம் நின்றுகொண்டிருந்தாலும் அதற்கு ஆபத்து உண்டு. உங்கள் ஊரில் ஆலங்கட்டி மழை எப்படி அடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் நாஷ்வில்லின் ஜான் சி. டியூன் விமான நிலையத்தில் சூறாவளி புகுந்தபோது ஹேங்கருக்குள் சும்மா நின்ற விமானங்கள்தான் கும்பலாக நொறுங்கின.

இரண்டாவது, பறக்கும் நேரத்தில் வரும் கிளெய்ம்களில் பெரும்பாலானவை நடுவானில் நடப்பதில்லை. ஓடுபாதையில்தான். தடதடவென்று இறங்குவது, துள்ளுவது, காற்று தள்ளி ஓரத்துக்குப் போவது, புரொப்பெல்லர் தரையைத் தொடுவது. கை பழக்கம் விட்டுப்போனவர்களுக்கு நடப்பவை இவை. அண்டர்ரைட்டர், அதாவது இன்சூரன்ஸ் நிறுவனத்தில் ஆபத்தை எடைபோட்டு விலை வைப்பவர், விண்ணப்பத்தைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்கிற எண்கள் மூன்று: மொத்த மணி நேரம், அதே ரக விமானத்தில் மணி நேரம், கடந்த 12 மாதங்களில் மணி நேரம். மூன்றாவது கட்டத்தில் 20 என்று இருந்தால் அவர் முகம் மலராது. 60 என்றால் கொஞ்சம் மலரும்.

கூட்டு விமானம் என்றால் பட்டியலில் இருக்கும் பைலட்டுகளில் அனுபவம் குறைந்தவரை வைத்துத்தான் பெரும்பாலும் விலை போடுவார்கள். மூவரின் சராசரி எடுப்பதில்லை. அதனால்தான் உங்கள் பெயர் ஏறியதும் தொகை தாவுகிறது. உங்கள் கூட்டாளிகள் சொல்கிற 900 டாலர் கணக்கு கடுமையாகத் தெரிந்தாலும் அது எங்கிருந்து வருகிறது என்பது உண்மைதான்.

ஆனால் அது நிரந்தரம் இல்லை. அந்த விமானத்தில் 25 மணி நேரம் சேர்ந்தாலோ, நீங்கள் இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங் (வெளியே தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி) எடுத்தாலோ அடுத்த புதுப்பித்தலில் இறங்கும். ஆகவே “முதல் வருடம் வித்தியாசத்தை நான் கட்டுகிறேன், அப்புறம் சமம்” என்று எழுத்தில் கேளுங்கள்.

#4 சிகாகோ சேகர்

மீனா சொல்வது எல்லாம் சரி, ஆனால் அவர் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். (கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா, சும்மா.)

நான் எண்பதுகளின் கடைசியில் லைசென்ஸ் வாங்கியவன். என்னிடம் ஒரு பழைய செஸ்னா 150 இருக்கிறது. இன்று விற்றால் 30,000 டாலர் வந்தால் அதிகம். பல வருடங்களாக அதற்கு லயபிலிட்டி மட்டும்தான் போடுகிறேன், ஹல் கிடையாது. வருடத்துக்குச் சில நூறு டாலரோடு முடிந்தது. மிச்சமாகும் பணத்தை ஒரு தனிக் கணக்கில் போட்டு வைக்கிறேன். விமானம் நொறுங்கினால் நொறுங்கட்டும், அது என் பணம். இன்னொருவர் வீட்டுக் கூரையில் விழுந்தால்தான் எனக்குத் தூக்கம் போகும், அதற்கு லயபிலிட்டி இருக்கிறது.

வருடத்துக்கு 20 மணி நேரம் பறப்பவனுக்கு ஹல் கவரேஜ் ஒரு ஆடம்பரம் என்பது என் கட்சி.

#5 ஆஸ்டின் கண்ணன்

சேகர் அண்ணா, உங்கள் 150 உங்களுடையது. இங்கே 90,000 டாலர் விமானத்தில் மூன்றில் ஒரு பங்குதான் என்னுடையது. நான் இறக்கும்போது ஏதாவது ஆகிவிட்டால் மற்ற இருவரின் 60,000க்கு நான் பதில் சொல்ல வேண்டும். ஹல் இல்லாமல் அவர்கள் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள்.

#6 சிகாகோ சேகர்

அது சரி. கூட்டில் முடியாது. அதனால்தான் நான் கூட்டே வைத்துக்கொள்ளவில்லை.

#7 கோவைப் பறவை

இந்தியாவிலிருந்து படிக்கிறேன், இப்போதுதான் பயிற்சிக்குச் சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அடிப்படைக் கேள்வி: அமெரிக்காவில் இது சட்டப்படி கட்டாயமா? காருக்கு மாதிரி?

#8 மினசோட்டா செல்வி

அமெரிக்க மத்திய அரசுச் சட்டத்தில், சொந்த உபயோகத்துக்குப் பறக்கும் சிறு விமானத்துக்கு இன்சூரன்ஸ் கட்டாயம் இல்லை. விமானத் துறையைக் கட்டுப்படுத்தும் எஃப்.ஏ.ஏ அதைக் கேட்பதே இல்லை. மாநிலங்களில் சில மட்டும் கேட்கின்றன, எங்கள் மினசோட்டா அதில் ஒன்று. விமானத்தைப் பதிவு செய்யும்போதே காட்ட வேண்டும். மற்ற இடங்களிலும் நடைமுறையில் தப்ப முடியாது: ஹேங்கர் வாடகை ஒப்பந்தத்தில் விமான நிலையம் கேட்கும், கடன் வாங்கியிருந்தால் வங்கி கேட்கும்.

என் பங்குக்கு ஒரு யோசனை. இங்கே டிசம்பரிலிருந்து மார்ச் வரை எஞ்சினைச் சூடாக்கவே முக்கால் மணி நேரம் போகும், நான் பறப்பதே இல்லை. அந்த மாதங்களுக்குப் பறக்கும் கவரேஜை நிறுத்திவிட்டு, தரையில் நிற்கும் விமானத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பிரீமியத்தில் கொஞ்சம் திரும்ப வரும். ஆனால் ஜனவரியில் ஒரு நாள் வானம் பளிச்சென்று இருந்தால் ஆசைப்பட்டு எடுத்துவிடக் கூடாது. எடுத்தால் கவரேஜ் இல்லாமல் பறக்கிறோம் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் சாவியை அவர் ஒளித்து வைத்துவிடுவார்.

#9 டொராண்டோ அருள்

கனடாவில் லயபிலிட்டி கட்டாயம். எடையைப் பொறுத்துக் குறைந்தபட்சத் தொகையை விதியிலேயே போட்டிருக்கிறார்கள்: 1,043 கிலோ வரைக்கும் 1 லட்சம் டாலர், அதற்கு மேல் 2,268 கிலோ வரை 5 லட்சம். ஹல் நம் இஷ்டம். 1 லட்சம் என்பது இன்றைக்கு ஒரு நல்ல காருக்கும் ஒரு கார் ஷெட்டுக்கும் போதும், அவ்வளவுதான். யாரும் அத்தோடு நிற்பதில்லை.

#10 லண்டன் குமரன்

இங்கிலாந்தில் இன்னும் கறார். ஐரோப்பிய விதி 785/2004ஐ பிரெக்ஸிட்டுக்குப் பிறகும் வைத்துக்கொண்டிருக்கிறோம். 500 கிலோவுக்குக் குறைந்த விமானத்துக்கே மூன்றாம் நபர் காப்பு 7.5 லட்சம் எஸ்.டி.ஆர், 1,000 கிலோவுக்குக் கீழ் 15 லட்சம், 2,700 கிலோவுக்குக் கீழ் 30 லட்சம். எஸ்.டி.ஆர் என்பது ஐ.எம்.எஃப்பின் கணக்கு அலகு, டாலரை விடக் கூடுதல் மதிப்பு. 172 ஆயிரம் கிலோவைத் தாண்டும், ஆகவே 30 லட்சம் வரிசையில் வரும். கண்ணனின் 10 லட்சம் இங்கே செல்லாது.

#11 ஃப்ரீமாண்ட் பாலா

கண்ணன், நீங்கள் வாடகைக்கு ஓட்டும்போது உங்கள் பெயரில் ஏதாவது பாலிசி வைத்திருந்தீர்களா? “பள்ளியின் இன்சூரன்ஸ் இருக்கிறதே” என்று இருந்திருந்தால் இதைப் படியுங்கள்.

என்னோடு ஒரே கிளப்பில் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர். கவனமான ஆள், சோதனைப் பட்டியலை வாய்விட்டுப் படிப்பவர். வேலைப் பளுவில் இரண்டு மாதம் வரவில்லை. திரும்பி வந்த அன்று குறுக்குக் காற்று ஒன்றும் பெரிதாக இல்லை, வேகம் மட்டும் கொஞ்சம் கூடுதல். முன்சக்கரம் முதலில் தொட்டது, விமானம் எழும்பியது, அவர் மூக்கை அழுத்தினார், மறுபடி எழும்பியது. மூன்றாவது முறை புரொப்பெல்லர் நுனி தரையைத் தேய்த்தது. இறங்கிப் போய்ப் பார்த்தால் இரண்டு இலைகளிலும் நுனி பின்பக்கமாகச் சுருண்டிருந்தது. அவர் மேல் ஒரு கீறல் இல்லை.

கிளப்பின் இன்சூரன்ஸ் விமானத்தைச் சரிசெய்யப் பணம் கொடுத்தது. டிடக்டிபிளை (கிளெய்மில் நம் கையிலிருந்து போட வேண்டிய தொகை) கட்டினால் முடிந்தது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். சில மாதம் கழித்து அதே இன்சூரன்ஸ் நிறுவனத்திடமிருந்து வக்கீல் கடிதம். நாங்கள் கிளப்புக்குக் கொடுத்த பணத்தை, சேதத்துக்குக் காரணமான உங்களிடமிருந்து வசூலிக்க எங்களுக்கு உரிமை உண்டு என்று. சப்ரொகேஷன் என்பார்கள். பாலிசி கிளப்புக்குத்தான், வாடகைக்காரருக்கு இல்லை. புரொப்பெல்லர் தரையைத் தொட்டால் எஞ்சினைப் பிரித்துப் பார்க்க வேண்டும், அந்தச் செலவே பெரியது. புது புரொப்பெல்லர், விமானம் நின்ற காலத்துக்குக் கிளப் இழந்த வாடகை எல்லாம் சேர்த்து 30,000 டாலரைத் தாண்டியது.

அவரிடம் வாடகைக்காரர் பாலிசி ஒன்று இருந்தது! ஆனால் லயபிலிட்டி மட்டும் எடுத்திருந்தார். வாடகைக்கு எடுத்த விமானத்துக்கே வரும் சேதம் அதில் சேராது. அது பாலிசியில் தனிப் பிரிவு, தனிக் கட்டணம். பேரம் பேசித் தவணையில் முடித்ததாகக் கேள்வி. அதன் பிறகு அவர் கிளப் பக்கம் வரவில்லை.

#12 ஆஸ்டின் கண்ணன்

பாலா, இதைப் படித்ததும் எழுந்து போய் ஃபைலை எடுத்துப் பார்த்தேன். வாடகைக்காரர் பாலிசி இருக்கிறது, விமானச் சேதத்துக்கு 20,000 டாலர் வரை என்று போட்டிருக்கிறது. அப்பாடா. கூட்டு விமானத்தில் சேர்ந்த பிறகும் இதையே வைத்துக்கொண்டால் போதாதா? பெரிய பாலிசியில் என் பெயர் இல்லாமலே?

#13 விச்சிட்டா மீனா

முடியாது. அது உங்களுக்குச் சொந்தமில்லாத விமானத்துக்கான பாலிசி. மூன்றில் ஒரு பங்கு வாங்கினாலும், நூறில் ஒரு பங்கு வாங்கினாலும் அது உங்கள் விமானம் ஆகிவிடும், அந்தப் பாலிசி விலகிக்கொள்ளும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கூட்டு விமானத்தின் பாலிசியில் “10 லட்சம், பயணி ஒருவருக்கு 1 லட்சம்” என்று எழுதியிருக்கிறதா, “10 லட்சம், நபர் ஒருவருக்கு 1 லட்சம்” என்றா? ஒரு சொல்தான் வேறு. முதலாவதில் 1 லட்சம் என்ற வரம்பு விமானத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும். இரண்டாவதில் தரையில் நிற்பவருக்கும் அதே வரம்பு. பிரீமியத்தில் சிறிய வித்தியாசத்துக்காக இரண்டாவதை வாங்கி வைத்திருப்பவர்களைப் பார்க்கிறேன். விபத்து நடந்த பிறகுதான் அந்தச் சொல்லைப் படிக்கிறார்கள்.

உள் வரம்பே இல்லாத 10 லட்சம் உங்களுக்குக் கிடைக்குமா என்றால், 140 மணி நேரத்துக்குக் கடினம்.

#14 ஃப்ரீமாண்ட் பாலா

கண்ணனின் கணக்கில் இன்னொரு ஓட்டை வராமல் இருக்க: நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போய் “மணிக்கு 70 டாலர் இன்சூரன்ஸையும் பங்கு போடலாம்” என்று நினைக்காதீர்கள். பிரைவேட் பைலட் பயணிகளோடு சமமாகப் பகிர்ந்துகொள்ள அனுமதி உள்ள செலவு எரிபொருள், ஆயில், விமான நிலையக் கட்டணம், வாடகை, அவ்வளவுதான். எஃப்.ஏ.ஏ விதி 61.113ல் இன்சூரன்ஸ் என்ற பேச்சே இல்லை. ஹேங்கர் வாடகையும் பராமரிப்பும் அப்படித்தான். அதையும் வாங்கினால் கட்டணத்துக்குப் பறப்பதாகிவிடும், அப்போது பாலிசியும் கைவிட்டுவிடும். அதில் ‘உல்லாசமும் சொந்த வேலையும்’ என்றுதான் உபயோகத்தை எழுதியிருப்பார்கள்.

#15 சிகாகோ சேகர்

மீனாவுக்கு ஒரு கேள்வி. 2018ல் கட்டியதற்கும் 2021ல் கட்டியதற்கும் நடுவில் எங்கள் விமான நிலையத்தில் எல்லாருக்கும் பிரீமியம் விறுவிறுவென்று ஏறியது. ஒரு கிளெய்ம் கூடப் போடாதவர்களுக்கும். செஸ்னா 150 வைத்திருக்கும் கிழவன் என்ன பாவம் செய்தான்?

என் நண்பர் ஒருவர், 78 வயது. மூனி வைத்திருந்தார், சக்கரம் உள்ளே மடங்கும் ரகம். ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர், ஒரு விபத்து கிடையாது. புதுப்பிக்கும் நேரத்தில் பழைய நிறுவனம் மாட்டேன் என்றது. வேறொன்று வருடா வருடம் இன்ஸ்ட்ரக்டரோடு பயிற்சி, மருத்துவரிடம் கூடுதல் சோதனை என்று நிபந்தனை போட்டு இரண்டு மடங்கு கேட்டது. மனிதர் மூனியை விற்றுவிட்டு இப்போது என் 150ல் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எனக்கு வேகம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பிரீமியத்தை விட அது பெரிய தண்டனை, எனக்கு.

#16 விச்சிட்டா மீனா

சேகர் சார், உங்கள் 150 ஒரு பாவமும் செய்யவில்லை. விமான இன்சூரன்ஸ் சின்னச் சந்தை. சிறு விமானம், பெரிய ஜெட், ஏர்லைன் என்று எல்லாவற்றின் பின்னாலும் நின்று பணம் போடும் மறுகாப்பீட்டு நிறுவனங்கள் ஏறத்தாழ ஒரே கூட்டம். பல வருடங்கள் போட்டியில் விலையை மிகவும் குறைத்து வைத்திருந்தார்கள். 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் இரண்டு 737 மேக்ஸ் விழுந்தன, அந்த ரகம் முழுக்கத் தரையில் நின்றது. அதற்கு முன்னாலேயே சில நிறுவனங்கள் நஷ்டத்தில் கடையைக் கட்டத் தொடங்கியிருந்தன. மிஞ்சியவர்கள் விலையை ஏற்றினார்கள். கடந்த சில வருடங்களில் புதிய நிறுவனங்கள் உள்ளே வந்து கொஞ்சம் தணிந்திருக்கிறது.

வயது விஷயத்தில் உங்களோடு சண்டை போட மாட்டேன். சக்கரம் மடங்கும் விமானமும் எழுபதைத் தாண்டிய வயதும் சேர்ந்தால் விண்ணப்பத்தை வாங்குகிற நிறுவனங்களை விரல் விட்டு எண்ணலாம். சக்கரத்தை இறக்க மறந்து வயிற்றில் இறங்குவது எல்லா வயதிலும் நடக்கிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் எஞ்சின், புரொப்பெல்லர், அடித்தகடு என்று பில் பெரியது. மூனிக்காரர் சக்கரம் மடங்காத விமானத்துக்கு மாறியிருந்தால் இவ்வளவு பாடு இருந்திருக்காது. ஒரு நிறுவனத்தோடு நெடுநாள் இருப்பவரை எழுபதுக்குப் பிறகும் பெரும்பாலும் வைத்துக்கொள்வார்கள், புதிதாக வருபவரைத்தான் எடுக்க மாட்டார்கள். அறுபத்தைந்துக்கு மேல் பத்து டாலர் மிச்சத்துக்காக நிறுவனம் மாற்றாதீர்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான்.

#17 கோவைப் பறவை

ஆயுள் காப்பீடு? அதைப் பற்றி யாரும் பேசவில்லையே. இங்கே விண்ணப்பத்திலேயே பறக்கும் பழக்கம் உண்டா என்று கேட்கிறார்கள்.

#18 டொராண்டோ அருள்

எல்லா ஊரிலும் கேட்பார்கள். வட அமெரிக்காவில் டெர்ம் பாலிசி எடுக்கும்போது பைலட் என்று சொன்னால் மூன்றில் ஒன்று நடக்கும். வழக்கமான விலைக்கே தருவார்கள், அல்லது ஆயிரம் டாலர் காப்புக்கு இத்தனை டாலர் என்று வருடக் கூடுதல் போடுவார்கள், அல்லது விமானம் ஓட்டிச் செத்தால் பணம் இல்லை என்று ஒரு விலக்கு எழுதி வாங்கிக்கொள்வார்கள். மூன்றாவதை ஒப்புக்கொண்டவர் அதை வீட்டில் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். அலுவலகத்தில் இலவசமாகத் தரும் விபத்து மரணக் காப்பீட்டில் பைலட்டாகப் பறப்பதை விலக்கி வைத்திருப்பது மிகச் சாதாரணம்.

விண்ணப்பத்தில் பறப்பதை மறைத்து எழுதுவது மட்டும் வேண்டவே வேண்டாம். குறைவாகப் பறப்பவர்களுக்கு அந்த ஆசை வரும், “வருடத்துக்குப் பத்து மணி நேரம், இதையெல்லாம் போய்…” என்று.

#19 மினசோட்டா செல்வி

கண்ணன், நீங்கள் கேட்ட 70 டாலர் கணக்குக்கு வருகிறேன். அதை மணிக்கு வகுப்பதே தப்பான பார்வை என்று எனக்குத் தோன்றுகிறது. விமானம் வைத்திருப்பவர்களுக்கு இன்சூரன்ஸ், ஹேங்கர், வருடாந்திரச் சோதனை மூன்றும் பறந்தாலும் பறக்காவிட்டாலும் ஒன்றுதான். மணிக் கணக்கில் பார்க்கத் தொடங்கினால் 20 மணி நேரத்துக்குக் கூட்டு விமானமே வேண்டாம், வாடகைதான் லாபம் என்று முடியும். உங்கள் ஊரில் 172 வாடகை மணிக்கு எவ்வளவு? 180 இருக்குமா? 20 மணி நேரத்துக்கு 3,600. எரிபொருள், இன்சூரன்ஸ், பராமரிப்பு எல்லாம் அதற்குள். வாடகைக்காரர் பாலிசிக்குச் சில நூறு. கதை முடிந்தது.

கூட்டில் சேர்வதற்குக் காரணம் பணமாக இருக்க முடியாது. சனிக்கிழமை காலை நினைத்த நேரத்தில் விமானம் கிடைக்கும், சீட் நீங்கள் விட்ட இடத்தில் இருக்கும், ரேடியோவில் எந்தப் பொத்தான் ஒட்டிக்கொள்ளும் என்று தெரியும். அதனால் இன்னும் கூடுதலாகப் பறப்பீர்கள். 20 மணி நேரம் 40 ஆனால் மீனா சொன்ன அண்டர்ரைட்டரின் முகமும் மலரும்.

#20 சிகாகோ சேகர்

செல்வி சொன்னதில் ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்: 20 மணி நேரத்துக்கு வாடகைதான் லாபம்.

ஹல் விஷயத்தில் நான் மாறவில்லை. போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். பிரீமியத்தைக் குறைக்க 80,000 விமானத்தை 50,000 என்று போட்டார் ஒருவர். ஆலங்கட்டி விழுந்து பழுது 40,000 ஆயிற்று. சரிசெய்து தருவார்கள் என்று காத்திருந்தார். நிறுவனம் 50,000க்கு ஒரு காசோலையைக் கொடுத்துவிட்டு, விமானத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போய் விற்றுவிட்டது! நல்ல எஞ்சின், புது ரேடியோ எல்லாவற்றோடும்.

#21 விச்சிட்டா மீனா

அது முழுக்கச் சட்டப்படி சரி சார். பாலிசியில் ஒத்துக்கொண்ட மதிப்பு 50,000, பழுதுச் செலவு அதன் பெரும்பகுதியைத் தொட்டால் மொத்த நஷ்டமாக முடிப்பார்கள், மிச்சம் அவர்களுடையது. கூட்டிப் போடுவதிலும் தொல்லை உண்டு: 80,000 விமானத்தை 120,000 என்று போட்டால், தூக்கி எறிய வேண்டிய நிலையில் இருப்பதையும் ஒட்டுப் போட்டுத் திருப்பித் தருவார்கள். வருடா வருடம் சந்தை விலையைப் பார்த்து மாற்றுவதுதான் வழி. கண்ணன், 172 விலைகள் சில வருடங்களில் நன்றாக ஏறியிருக்கின்றன. அந்த 90,000 எப்போது போட்டது என்று கேளுங்கள்.

டிடக்டிபிளை ஏற்றிப் பிரீமியத்தைக் குறைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். காரில் நடக்கும், இதில் பெரிதாக நடக்காது. சக்கரம் மடங்காத சிறு விமானங்களுக்கு ஏற்கெனவே டிடக்டிபிள் மிகக் குறைவு, பலவற்றில் பூஜ்யம்.

இன்னொரு எச்சரிக்கை: நாலு புரோக்கர்களிடம் ஒரே நேரத்தில் விலை கேட்காதீர்கள். எந்த நிறுவனமும் முதலில் விண்ணப்பம் அனுப்பிய புரோக்கருக்குத்தான் விலை சொல்லும். இரண்டாவதாகக் கேட்பவருக்குக் கதவு அடைத்திருக்கும். ஒருவரைப் பிடியுங்கள், எல்லா நிறுவனத்துக்கும் அவரையே அனுப்பச் சொல்லுங்கள்.

#22 ஃப்ரீமாண்ட் பாலா

எப்போதாவது பறப்பவர்கள் விலையை மட்டும் பார்க்கிறோம், நிபந்தனைப் பக்கத்தைப் பார்ப்பதில்லை. 24 மாதத்துக்கு ஒருமுறை ஃப்ளைட் ரிவ்யூ (இன்ஸ்ட்ரக்டரோடு செய்யும் மறுபரிசீலனை), நடப்பில் உள்ள மெடிக்கல் சான்றிதழ் அல்லது அதற்குப் பதிலான எளிய வழியான பேசிக்மெட். இந்த இரண்டில் ஒன்று காலாவதியான நாளில் பறந்தால், 2,400 கட்டியும் கட்டாத கதைதான். வாரா வாரம் பறப்பவருக்குத் தேதி நினைவிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருபவருக்கு இருக்காது. பயணி ஏற்றக் கடந்த 90 நாளில் மூன்று முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்ற விதியும் அப்படித்தான். கனடாவில் ஆறு மாதத்தில் ஐந்து முறை இல்லையா அருள்?

#23 டொராண்டோ அருள்

ஆமாம், ஐந்து.

#24 மதுரை முத்து

2025 அக்டோபரிலிருந்து புது விதிப்படி ஸ்போர்ட் பைலட்டாக (பிரைவேட்டை விடச் சிறிய லைசென்ஸ்), ஓட்டுநர் உரிமத்தை மட்டும் மெடிக்கலாக வைத்து 172 ஓட்டலாம் என்கிறார்களே. இன்சூரன்ஸ் ஒத்துக்கொள்கிறதா?

#25 விச்சிட்டா மீனா

எஃப்.ஏ.ஏ அனுமதித்தால் போதும் என்று எழுதிய பாலிசியும் உண்டு, மெடிக்கல் சான்றிதழோ பேசிக்மெட்டோ வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதிய பாலிசியும் உண்டு. உங்களுடையது எது என்று பைலட் பிரிவைத் திறந்து படித்துவிட்டு, புரோக்கரிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைச் சேமித்து வையுங்கள். தொலைபேசியில் கேட்டது கணக்கில் வராது.

#26 ஆஸ்டின் கண்ணன்

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

மீனா சொன்னதை வைத்துப் புரோக்கரிடம் மறுபடி பேசினேன். தனியாகப் பறக்கும் முன் அந்த விமானத்தில் இன்ஸ்ட்ரக்டரோடு 5 மணி நேரம் ஓட்டுகிறேன், அதைப் பாலிசியிலேயே நிபந்தனையாக எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். 2,400 இறங்கி 2,050 ஆயிற்று. ஆனால் விமானத்தின் மதிப்பு மூன்று வருடத்துக்கு முன் போட்டது. 105,000 ஆக்கியதும் 2,200க்கு ஏறிவிட்டது. “நபர்”, “பயணி” விஷயத்தைப் பார்த்தேன், பயணி என்றுதான் இருக்கிறது.

கூட்டாளிகளோடு பேசியதில், முதல் வருடம் 1,000 நான், தலா 600 அவர்கள். நான் இந்த விமானத்தில் 25 மணி நேரம் முடித்த பிறகு வரும் புதுப்பித்தலில் இருந்து மூன்றாகச் சமம். எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. சேகர் அண்ணா சிரிப்பார், பரவாயில்லை.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். அந்த 5 மணி நேரத்துக்கு வரும் இன்ஸ்ட்ரக்டர் எங்கள் பாலிசிக்குள் வருவாரா? அவர் தன்னை எழுத்தில் சேர்க்கச் சொல்கிறார்.

#27 விச்சிட்டா மீனா

அவர் கேட்பது சரி. உங்கள் பாலிசியின் ஓபன் பைலட் நிபந்தனைக்கு (பெயர் எழுதப்படாத பைலட்டுக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்சத் தகுதி) அவருடைய மணி நேரம் பொருந்தினால், அவர் கையில் விமானம் இருக்கும்போது உங்கள் விமானத்துக்கும் உங்கள் மூவருக்கும் கவரேஜ் இருக்கும். அது அவரைக் காப்பாற்றாது. பாலாவின் கதையில் வந்த வக்கீல் கடிதம் அவருக்கும் வரலாம். அவரைக் கூடுதலாகக் காப்பீடு பெறுபவராகச் சேர்த்து, அவர்மேல் சப்ரொகேஷன் உரிமையை விட்டுக்கொடுக்கும்படி புரோக்கரிடம் கேளுங்கள். சில நிறுவனங்கள் சும்மாவே செய்யும், சில சிறு தொகை கேட்கும். சில முடியாது என்று சொல்லும், அப்போது அவரிடம் சொந்த இன்ஸ்ட்ரக்டர் பாலிசி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காகிதம் கைக்கு வந்த பிறகு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுங்கள்.

விமானம் எல்.எல்.சி (கூட்டாளிகள் சேர்ந்து அமைக்கும் சிறு நிறுவனம்) பெயரில் பதிவாகியிருந்தால், பாலிசியிலும் அதே பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். போனவர் பெயர் இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

#28 சிகாகோ சேகர்

சிரிக்கவில்லை தம்பி. 1,000 டாலருக்கு 172ல் மூன்றில் ஒரு பங்கு நிம்மதி என்றால் மோசமில்லை. ஆலங்கட்டி மழை வருகிற மாதம், ஹேங்கர் இருக்கிறதா, இல்லை வெளியில் கட்டிப்போட்டிருக்கிறீர்களா?

#29 ஆஸ்டின் கண்ணன்

கூரை மட்டும் இருக்கிறது அண்ணா, கதவு கிடையாது. ஹேங்கருக்குக் காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுத்திருக்கிறோம். முன்னால் ஏழு பேர்.